முன்னூற்றிருபதில் ஒன்று

புதிதாக ஒரு மொழியைக் கட்டுகிறவர்கள் சொற்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்தக் கற்பனை மக்கள் எந்த எழுத்தில் எழுதுவார்கள், எத்தனை வரை எண்ணிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள் என்பதையும் முடிவு செய்தால்தான் அவர்களுக்கு மனம் நிறையும். ‘அவதார்’ படத்து நாவி மக்களுக்குக் கைக்கு நான்கே விரல். அதனால் அவர்கள் மொழியை அமைத்த பால் ஃபிராமர் அவர்களை எட்டு எட்டாக எண்ண வைத்தார். டோல்கீனின் எல்ஃப் குலத்தார் ஆறிலும் பன்னிரண்டிலும் கணக்குப் போடுகிறார்கள். நம் பக்கத்தில், ‘பாகுபலி’யின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கி 2015-இல் திரையில் பேச்சாக ஒலித்தது. பிறகு தனக்கென எழுத்தையும் எண்களையும் சேர்த்துக்கொண்டது. இந்த வேலையின் ருசி தனி. ஒரு கொக்கியை எங்கே வளைப்பது, ஒரு நூறுக்கு எங்கே குறி போடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தெரியும்போது அந்தக் கோட்டைப் பார்க்கும் நம் கண்ணே மாறிவிடுகிறது.

அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகளில் உள்ள எழுத்தும், அதே செங்கல்பட்டுச் சீமையின் ஓலைக் கணக்கில் உள்ள எண்ணும் காடுபோலத் தானே வளர்ந்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பலர் தேவை அறிந்து, அளவு பார்த்து அமைத்தவை. கல்லெழுத்தைப் பார்த்து உலகமே வியக்கிறது, வியக்கட்டும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருக்கும் வேலைதான் இன்னும் நுட்பமானது என்பது என் எண்ணம்.

முதலில் கல். தருமராஜ ரதத்தில் மேலும் கீழுமாகப் பல்லவ அரசனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஸ்ரீநரசிம்ஹ, ஸ்ரீமேக, அமேயமாய, நயனமனோஹர, காமலளித, நயாங்குர என்று அவை நீள்கின்றன. வாக்கியம் கிடையாது, வினைச்சொல் கிடையாது, பெயர் மட்டும்தான். எழுதியிருப்பது பல்லவ கிரந்தம். ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் உளி ஒரு சிறு தடிப்பை விட்டிருக்கிறது. ககரத்தையும் ரகரத்தையும் பாருங்கள். ஒற்றைக் கோடாக இறங்கி நின்றுவிட்டிருக்கலாம். நிற்காமல் அடியில் இடப்பக்கம் திரும்பி, கோலப்புள்ளியைச் சுற்றிவரும் இழைபோல வளைந்து மறுபடி மேலேறுகிறது. ஒரு காலில் நிற்க வேண்டிய எழுத்து இரண்டு காலில் நிற்கிறது. கருங்கல்லில் நேர்கோடு வெட்டுவது எளிது, வளைவுதான் பாடு. அந்தப் பாட்டை அவர்கள் விரும்பியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் தளத்தில் ‘அத்யந்தகாம பல்லவேஸ்வர க்ருஹம்’ என்று இருக்கிறது. அதில் அத்யந்தகாம என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாம் இன்று எழுதினால் ஏழெட்டு எழுத்தும் இரண்டு புள்ளியும் வேண்டும். கிரந்தத்தில் ஐந்தே அடுக்கு. முதலில் அகரம். அடுத்து தகரம், அதன் அடியில் யகரம் படுத்து, வால் மட்டும் வலப்பக்கம் மேலே வீசி எழுகிறது. பிறகு நகரம், அதன் கீழே தகரம் தொங்குகிறது. பிறகு இரட்டைக் கால் ககரம், தலையில் நெடிலுக்கான கோடு. கடைசியில் மகரம். மெய்யைப் புள்ளி வைத்துப் பிரிக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டிவிடுவது இந்த எழுத்தின் இலக்கணம். அதனால் வரி கிடையாக மட்டும் ஓடுவதில்லை, மேலும் கீழும் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறது. அத்யந்தகாமன் யார் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. மாமல்லபுரத்து வேலை அனைத்தும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது என்று இரா. நாகசாமி 1962-இல் வாதிட்டார். அந்தப் பெயர் முதலாம் பரமேசுவரவர்மனுடையது என்பவர்களும் உண்டு. எழுத்தின் அழகுக்கு அந்த வழக்கால் ஒரு குறையும் இல்லை.

இந்த எழுத்து ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள குடைவரையை பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் கீழிருந்த வசந்தப்ரியன் என்ற அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தான். அதைச் சொல்லும் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. மொழியும் தமிழ், எழுத்தும் தமிழ். அதில் மகேந்திரன் ‘மயேந்திர’ ஆகிறான். வசந்தப்ரியன் ‘வயந்தப்பிரி’ ஆகிறான். தமிழ் எழுத்து தன் ஒலிக்குள் வராததை வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் உள்ளே விடுகிறது. எனக்கு இந்த வல்லத்து வரி மிகவும் பிடிக்கும். அரசன் பெயரானாலும் தமிழ் எழுத்து வளைந்து கொடுக்கவில்லை.

வடமொழியை ஒலி சிதையாமல் எழுத வேண்டுமென்றால் ககரத்திலேயே நான்கு வேண்டும். பல்லவ நாட்டு எழுத்தர்கள் கண்ட வழி, இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்தை நீட்டி இழுப்பதல்ல. வடமொழிக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டார்கள். பல வடிவங்கள் இரண்டுக்கும் பொது. வடமொழி ஒலிகளுக்கான எழுத்துகள் கிரந்தத்தில் மட்டும் உண்டு. ழ, ள, ற, ன ஆகியவற்றைத் தமிழ் எழுத்து வட்டெழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரே உளி, ஒரே கை, ஒரு பக்கம் புள்ளி இலக்கணம், மறுபக்கம் அடுக்கு இலக்கணம். புது மொழி செய்கிறவர்கள் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

சாளுவன்குப்பத்தில் இன்னொரு விருந்து. அதிரணசண்டன் குகையின் ஒரு பக்கச் சுவரில் வடமொழிச் செய்யுள்கள் பல்லவ கிரந்தத்தில் உள்ளன. எதிர்ப்பக்கச் சுவரில் அவையே நாகரியில் உள்ளன. மொழி ஒன்று, பொருள் ஒன்று, உடுப்பு மட்டும் இரண்டு. வடக்கேயிருந்து வருவோர் படிப்பதற்காக என்று காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ எழுத்தின் மேலிருந்த ஆசையே காரணமாகப் படுகிறது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனின் விருதுகளை நான்கு வகை எழுத்தில் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

இதே எழுத்து கப்பலேறிப் போனது. கெமர், ஜாவா, மோன், பர்மிய எழுத்துகளெல்லாம் இதன் வழி வந்தவை. தாய்லாந்துக் குழந்தை முதலில் எழுதும் ‘கோ கை’ என்ற ககரம் இன்றும் இரண்டு காலை ஊன்றித்தான் நிற்கிறது. போன இடத்தில் அது ஓர் எண்ணையும் சுமந்தது. சுமத்ராவில் பாலெம்பாங் அருகே 1920-இல் கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டில் சக ஆண்டு 605 இலக்கத்தில் இருக்கிறது. கம்போடியாவில் மேகாங் ஆற்றங்கரைச் சம்போரில் கிடைத்த கே-127 என்ற கல்வெட்டிலும் அதே 605. இரண்டும் கி.பி. 683. ஒன்று பழைய மலாய் மொழி, மற்றது பழைய கெமர். எழுத்து இரண்டிலும் பல்லவ வழியது. பூஜ்யத்தை இடமதிப்போடு எழுதியதற்கு ஆண்டுக் குறிப்புடன் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இவை சேரும். சம்போர்க் கல்லில் ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு புள்ளி. அறிஞர் ஜார்ஜ் சேடேஸ் 1931-இல் இதைச் சுட்டிக்காட்டினார். பின்னால் இருக்குமிடம் தெரியாமல் போன அந்தக் கல்லை 2013-இல் எழுத்தாளர் அமீர் அக்செல் தேடிக் கண்டுபிடித்தார்.

அந்த 605-ஐ நம் தமிழ் எண்ணில் எழுதிப் பார்த்தேன்: ௬௱௫. இதிலும் மூன்றே குறி. ஆறு, நடுவே ஒன்று, ஐந்து. ஆனால் அங்கே நடுவிலிருக்கும் புள்ளி ‘இங்கே எதுவும் இல்லை’ என்று பத்தின் இடத்தைக் காக்கிறது. இங்கே நடுவிலிருக்கும் ௱, முன்னால் நிற்பது நூறு என்று வாய்விட்டுச் சொல்கிறது. அங்கே இடம் பேசுகிறது, இங்கே குறி பேசுகிறது. அறுநூற்றைந்து என்று நாக்கு சொல்லும் வரிசை எதுவோ அதுவே எழுதும் வரிசை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி இருக்கும்போது காலியிடத்தைக் காக்க ஆள் தேவையில்லை. 2019 என்றால் ௨௲௰௯. நூறு இல்லை, அதனால் நூறின் குறியும் இல்லை. பூஜ்யம் போட்டுப் பெருக்கும் காலத்தில் இது சுமைதான். ஆனால் எண்ணைப் படித்துக் காட்டவும் கேட்டு எழுதவும் வேண்டிய ஊர்க்கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து எனக்குத் தெரியவில்லை.

முழு எண் இவ்வளவுதான். உண்மையான கைவேலை ஒன்றுக்குக் கீழே இருக்கிறது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர், அப்போது கும்பினியின் ஜாகீராக இருந்த செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதித் தந்த ஓலைகள். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எந்த ஏரி, எந்தத் தோப்பு, களத்தில் குவியும் நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கொல்லருக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, அத்தனையும் அவற்றில் உண்டு. ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் அருமையை எடுத்துச் சொன்னார். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைச் சென்னைக் கொள்கை ஆய்வு மையம் 2001-இல் நூலாக்கியது. மாமல்லபுரத்திலிருந்து சற்று வடக்கே போனால் திருப்போரூர். அரசன் பெயரைக் கல் சொன்ன அதே வட்டாரத்தில், ஆயிரம் ஆண்டு கழித்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஓலை சொல்கிறது.

ஓலை எழுத்தில் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஒன்றின் குறி ககரம் போலவே இருக்கும். இரண்டு உகரம் போல, எட்டு அகரம் போல, கால் வகரம் போல. எட்டேகால் லட்சணம் என்று ஏசுவதில் ஒளிந்திருக்கும் ‘அவ’ இதனால் வந்ததுதான். எழுத்தும் எண்ணும் ஒரே முகத்தோடு நிற்கும் இந்தக் கூட்டத்தில், எது எது என்று பழகிய கண்தான் சொல்லும்.

இனி அந்தப் பின்னங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு படிக்கட்டு. வீசம் என்பது பதினாறில் ஒன்று. நாலுமா, இருமா, ஒருமா என்று ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்றாக இறங்குவது இன்னொரு படிக்கட்டு. மாவின் கால்பங்கு காணி, அதாவது எண்பதில் ஒன்று. அதன் பாதி அரைக்காணி. அதன் பாதி முந்திரி, முன்னூற்றிருபதில் ஒன்று. இரண்டு படிக்கட்டும் வந்து சேரும் தரை அதுதான். 320 என்பது ஐந்தை அறுபத்துநான்கால் பெருக்கியது. அறுபத்துநான்கு, இரண்டை ஆறு முறை பெருக்கினால் வருவது. பாதியாக்கும் வழக்கத்துக்கும் பத்தாக எண்ணும் வழக்கத்துக்கும் ஒரே அடித்தளம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு படிக்கட்டுக்கும் நடுவே ஒரு குறுக்குப் பாலமும் உண்டு. வீசத்துக்கு இன்னொரு பெயர் மாகாணி. ஒரு மா பதினாறு முந்திரி, ஒரு காணி நான்கு முந்திரி, கூட்டினால் இருபது. முன்னூற்றிருபதில் இருபது என்றால் சரியாகப் பதினாறில் ஒன்று. ஐந்தின் பக்கத்திலிருந்து இரண்டு துண்டை எடுத்துச் சேர்த்தால் இரண்டின் பக்கத்துத் துண்டு கிடைக்கிறது! பெயரைச் சொல்லும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது. முதன்முதலில் இது பிடிபட்டபோது தருமராஜ ரதத்தின் எந்த எழுத்தும் தராத மகிழ்ச்சி எனக்கு வந்தது.

அத்தனைக்கும் பிறகு ஒரு குறை பாக்கி. அண்ணன் தம்பி மூன்று பேர், அப்பாவின் காணியாட்சிப் பங்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும். 320 மூன்றால் மீதியில்லாமல் வகுபடாது. இங்கேதான் அமைப்பின் அடுத்த அடுக்கு விரிகிறது. முந்திரியையே முழு ஒன்றாக வைத்துக்கொண்டு, அதை மறுபடி முன்னூற்றிருபதாக்கி, அதே பெயர்களுக்கு முன்னால் ‘கீழ்’ என்று சேர்க்கிறார்கள். கீழரை, கீழ்க்கால், கீழ்மா, கீழ்முந்திரி. கடைசியிலிருக்கும் கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. புதுப் பெயர் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முன்னொட்டு ஒன்று போதும். ஆனால் எத்தனை முறை கீழே போனாலும் இரண்டும் ஐந்தும் மட்டுமே கொண்ட எண்ணில் மூன்று அடங்காது. அதனால் கீழ்முந்திரிக்கு அடியில் அடித்தளத்தையே மாற்றிவிட்டார்கள். ஒரு கீழ்முந்திரிக்கு இருபத்தோரு இம்மி. மூன்றும் ஏழும் அங்கே உள்ளே வந்துவிடுகின்றன.

மூன்றில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கால், வீசம், காணி, அரைக்காணி: எண்பதும் இருபதும் நான்கும் இரண்டும் சேர்ந்து நூற்றாறு முந்திரி. மிச்சம் ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டு. அதற்குக் கீழரை, கீழ்மும்மா, கீழ்க்காணி, கீழ்முந்திரி: நூற்றறுபதும் நாற்பத்தெட்டும் நான்கும் ஒன்றும், ஆக இருநூற்றுப் பதின்மூன்று. இன்னும் மிச்சம் ஒரு கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று. அது ஏழு இம்மி. முடிந்தது. மூன்று பேருக்கும் இதே பங்கைக் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள், இம்மி பிசகாமல் ஒன்று வரும். தசமப் புள்ளி வைத்து 0.333 என்று முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை இந்தக் கணக்கு எட்டுக் குறியிலும் ஓர் இம்மிக் கணக்கிலும் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது. இம்மிக்கும் கீழே பதினொன்றில் ஒன்று மும்மி, அதில் ஏழில் ஒன்று அணு. எந்த நிலத்தையும் அவ்வளவு நுணுக்கி யாரும் அளந்திருக்க முடியாது. மீதி விழாமல் வகுக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்த ஆழம் வரை இறங்க வைத்திருக்கிறது.

நெல்லளவில் இன்னொரு விதம். முன்னூற்றறுபது நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று இரண்டிரண்டாக ஏறி, எட்டு நாழி ஒரு குறுணி. குறுணி, பதக்கு, தூணி என்று மறுபடி இரண்டிரண்டு. மூன்று தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, தொண்ணூற்றாறு நாழி. கற்பனை மொழிக்காரர்கள் ஓர் அடிமானத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பார்கள். களத்துமேட்டில் அப்படி நிற்க முடியாது. கையிலிருக்கும் பாத்திரத்தைப் பாதி, அதிலும் பாதி என்று கண்ணால் பிரிக்க இரண்டு வேண்டும், கலத்தை மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் பங்கிடப் பன்னிரண்டு வேண்டும். இடத்துக்கு இடம் எண் மாறுவதற்கு அந்தந்தப் படியில் நடந்த வேலைதான் காரணம்.

இத்தனையும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாயால் ஓதிப் படித்தவை. பொன்னிலக்கத்தில் பின்னங்கள், நெல்லிலக்கத்தில் முகத்தலளவை, எண்சுவடியில் பெருக்கல், குழிமாற்றில் நிலத்தின் சதுரக் கணக்கு. செந்தில்பாபு இந்தப் படிப்பு முறையை ஆராய்ந்து எழுதியிருப்பவை படிக்க வேண்டியவை. காலில் கால் எவ்வளவு என்றால் யோசிக்காமல் வீசம் என்று சொல்லும் பிள்ளைக்குக் கணக்கு நாக்கிலேயே இருந்தது. இந்தக் கரையில் அதன் தடம் முழுக்க அழியவில்லை. மனை வாங்குகிறவர்கள் இன்றும் 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டு என்கிறார்கள். அப்படி இருபத்துநான்கு மனை சேர்ந்தால் இந்தச் சீமையின் நில அளவில் ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதி என்று 51 குறிகள் சேர்ந்தன. ஸ்ரீரமண சர்மாவின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. தொகுதியின் முதல் இருக்கை முந்திரிக்கு. பிறகு மற்றப் பின்னங்கள், நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், பொன், வராகன். கூகுளின் நோட்டோ வரிசையில் இதற்கென ஓர் எழுத்துரு உண்டு. அது இல்லாத கருவிகளில் இவை வெறும் கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு வரையும் இளைஞர்கள் நம்மிடையே இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திருப்போரூர் ஓலையை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்குப்பிள்ளையின் கைச்சாய்விலேயே இந்த ஐம்பத்தொன்றையும் வரைந்து தர வேண்டும். காணிக்கும் அரைக்காணிக்கும் அவர் எழுத்தாணி எங்கே திரும்பியது என்பதை அந்த ஓலையில் பார்த்து வரைந்தால்தான் சரியாக வரும்.